கோகுலத்துக் கலிபோர்னியா

"அங்க யாருடா கீரை விக்கிறது?" என்று போனில் அக்கா கேட்டாள்.

சந்திரன் அவசரமாக ஜன்னலைச் சாத்தினான். மைசூருவின் கோகுலம் பகுதியில் காலை எட்டு மணிக்குக் கீரை வண்டி வராமல் இருக்காது. ஆனால் அக்கா நிர்மலாவைப் பொறுத்தவரை தம்பி இருப்பது கலிபோர்னியாவில். அங்கே இப்போது முந்தைய நாள் ராத்திரி. "டிவிதான்க்கா. இங்கயும் கன்னடச் சேனல் வருது" என்று சமாளித்தான்.

பன்னிரண்டு வருடமாக இந்தச் சமாளிப்புதான். அமெரிக்காவில் வேலை என்று வாயைத் திறந்த அன்றே சொந்த ஊரான ஹனூரின் பஸ் ஸ்டாண்டில் 'அமெரிக்கா செல்லும் எங்கள் சிங்கமே' என்று ஆளுயர ஃபிளக்ஸ் வைத்துவிட்டார்கள். கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டு, மாலையும் கழுத்துமாகச் சென்னைக்கு அனுப்பினார்கள். விசா அதிகாரி இரண்டே கேள்வி கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டார். ஃபிளக்ஸ் தொங்கும் ஊருக்கு எந்த முகத்தோடு திரும்புவது? பெட்டியோடு மைசூருவில் இறங்கியவன், வெளிநாட்டுக்காரர்கள் யோகா கற்க வரும் ஒரு கூடத்தில் பாய் விரிக்கச் சேர்ந்தான். இப்போது அந்தக் கூடத்துக்கு அவன்தான் மேனேஜர்.

பொய்க்கு அந்த இடம் தோதாக அமைந்தது. தோளில் கைபோட்டுப் போட்டோ எடுக்க நிஜ அமெரிக்கர்கள் கிடைத்தார்கள். அவர்களோடு பேசிப் பேசி இங்கிலீஷும் வந்துவிட்டது. போன் மட்டும் பழைய இந்திய நம்பர்தான். அது ஏன் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. அதைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தான்.

முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. சாயங்காலம் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் உட்கார்ந்தால், எதிர்க்கரை மெல்லக் கரைந்து பசிபிக் சமுத்திரமாகிவிடும். கூடத்துக்கு வந்தவர்கள் சொன்ன ஊர்களில் அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே நடப்பான். கடலிலிருந்து பனி மூட்டம் தெருவுக்குள் ஏறி வரும். மூலையில் ரொட்டிக்கடை திறக்கும். புத்தகப் பையோடு ஒருவன் மேட்டில் ஏறிக் கல்லூரிக்குப் போவான். சுண்டல்காரர் வந்து உலுக்கும்வரை அந்த ஊரில்தான் குடியிருப்பு.

அன்று அக்கா போன் செய்தது கீரையைப் பற்றி விசாரிக்க அல்ல. "என்ற பையன் மனோஜ அங்க கம்யூனிட்டி காலேஜுல சேக்கலாம்னு இருக்குதுடா. ரெண்டு வருசம் அதுல படிச்சுட்டுப் பெரிய காலேஜுக்கு மாறிக்கலாமாம். உன்ற ஊட்டுலயே தங்கிக்குவான்."

அப்பா அம்மா போனபின் சந்திரனுக்கென்று இருந்தது அக்கா ஒருத்திதான். இது வெளியே வந்தால் அவள் முகத்திலேயே விழிக்க மாட்டாள். குளிர் எலும்பைத் தின்னும் என்றான். பையன் தாங்கிக்கொள்வான் என்றாள். செலவு தாங்காது என்றான். அப்பாவின் விவசாயக் காட்டில் அவன் விட்டுக்கொடுத்த பங்கை விற்று பேங்கில் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

கடைசியில், அங்கேயுள்ள சொந்தக்காரரின் காகிதமெல்லாம் கேட்பார்கள், அது பெரிய தலைவலி என்று ஒரு போடு போட்டான். தானே வெட்டிய குழி அது. மறுநாளே மருமகன் மனோஜ்குமார் வாட்ஸ்அப்பில் வந்தான். மாமாவின் பாஸ்போர்ட் முதல் பக்கம், மார்க் ஷீட்டுகள், தடுப்பூசிச் சான்றிதழ், நாலு இடத்தில் கையெழுத்து எல்லாம் கேட்டான். விசா முத்திரையே விழாவிட்டாலும் பாஸ்போர்ட்டைத் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்த சந்திரன், முதல் பக்கத்தில் முத்திரை இருக்காது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் அனுப்பினான்.

அடுத்து ஒரு கட்டுரை. இந்தக் கல்லூரியில் ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுத வேண்டுமாம். மனோஜுக்கு எழுத வரவில்லையாம், மாமா எழுதித் தரவேண்டுமாம். தெய்வமே கொடுத்த வழி என்று சந்திரன் மகிழ்ந்தான். படுமோசமாக எழுதிவிட்டால் கல்லூரியே கதவைச் சாத்திவிடும்.

மோசமாகத்தான் தொடங்கினான். மூன்றாவது வரியில் அந்தப் பனி மூட்டம் ஏறி வந்துவிட்டது. பிறகு ரொட்டிக்கடை, மேட்டுத்தெரு, எந்த வயதிலும் சேரலாம் என்று திறந்து வைத்திருக்கும் வகுப்பறை, கடலைப் பற்றிப் படிக்கும் ஆசை. நிமிர்ந்தபோது மூன்று பக்கம் முடிந்திருந்தது, கண் ஈரமாக இருந்தது. கிழிக்க மனம் வரவில்லை. கை அவனை மீறி அனுப்பிவிட்டது.

பிறகு கல்லூரியிலிருந்து ஒரு அம்மாள் வீடியோவில் பேச வேண்டும் என்றாள். ஹனூரில் நெட் சரியில்லை, நீங்களே பேசிவிடுங்கள் என்று மனோஜ் கையை விரித்துவிட்டான். பதினைந்து நிமிடமும் அந்த அம்மாள் சந்திரனைப் பற்றியே கேட்டாள். என்ன பிடிக்கும், எதைப் படிக்க ஆசை, ஏன் இத்தனை நாள் தள்ளிப்போட்டாய் என்றெல்லாம் கேட்டவள், பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியாதை தெரிந்த ஜனங்கள், முதலில் வீட்டுப் பெரியவரை விசாரிக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மூன்று வாரத்தில் செய்தி வந்தது. "சீட்டு கெடச்சுருச்சு மாமா" என்றான் மனோஜ்.

இனி பொய்க்கு இடமில்லை. பையன் விமானம் ஏறி அந்நிய ஊரில் பெட்டியோடு நடுத்தெருவில் நிற்பதை நினைத்த சந்திரன் கூடத்தில் லீவு சொன்னான். மறுநாள் காலை ஹனூருக்குப் பஸ் ஏறினான். பன்னிரண்டு வருடம் கடக்க முடியாமலிருந்த தூரம், கொள்ளேகால் வழியாக இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

கதவைத் திறந்த அக்காவுக்கு முன்தலை நரைத்திருந்தது. எப்போது வந்தாய், எந்த ஃபிளைட் என்று ஒன்றும் கேட்கவில்லை. "கை கழுவிட்டு வா" என்றாள்.

களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் தட்டில் விழுந்தன. ஒரு பக்கம் மனோஜ் உட்கார்ந்தான். மறுபக்கம் மச்சான் சித்தையன். அவர் மஞ்சள் விவசாயி. வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சந்திரன் முதல் கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

"அக்கா, நா அமெரிக்கா போகவே இல்லீக்கா. இத்தன வருசமும் மைசூருலதான் இருந்தேன். பையன அனுப்பீராத. அங்க அவனுக்கு யாருமில்ல."

அக்கா அழவில்லை, திட்டவில்லை. இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். மனோஜ் தட்டைப் பார்த்துச் சிரித்தான். யாரும் பேசாததால் சித்தையன்தான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

"இவன் கொள்ளேகால் காலேஜுல சேந்து ரெண்டு மாசமாச்சு மாப்ள, அமெரிக்காவுக்கு அப்ளிகேசன் போட்டது உன்ற பேருலதான்."