பஷீர் வீட்டுத் துத்தி

செடிகளுக்குப் பெயர் வைக்கும் எங்கள் துறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. புதுச் செடியைக் கண்டுபிடித்தவர் அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது. (வைத்தால் ஊர் சிரிக்கும். நான் வைக்காமலேயே சிரிக்க வைத்தவன்.) அதனால் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோது நானும் பஷீரும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தோம். நான் கண்டுபிடித்தால் அவன் பெயர், அவன் கண்டுபிடித்தால் என் பெயர்.

அரும்பாவூர்ப் பக்கம் ஒரு மக்காச்சோளக் கொல்லை வரப்பில்தான் அது என் கண்ணில் பட்டது. பூவைப் பார்த்தால் துத்தி. ஆனால் அகலமாக இருக்க வேண்டிய இலை விரல் விரலாகப் பிரிந்து தொங்கியது. உலகத்தில் எவனும் பார்க்காத செடி என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

பஷீர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவசரப்படாதடா. விதையை முளைக்க வச்சுப் பாப்போம். அதுலயும் இதே இலை வந்தா ஒத்துக்கறேன்."

"வயித்தெரிச்சல்னு நேரா சொல்லிட்டுப் போயேன்!"

அவன் நாலு காயைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அன்றோடு பேச்சு நின்றது. அவன் போன் அடித்தால் கட் பண்ணினேன். போதாக்குறைக்குச் செடிக்கு எங்கள் பேராசிரியர் பெயரை வைக்கப்போவதாக அவரிடமே போய் வழிந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

இரண்டு மாதம் கழித்து, துத்தி வகைகளில் கரைகண்ட வெளியூர் அம்மையார் ஒருவரோடு பேராசிரியர் கொல்லைக்கு வந்தார். நான் மண்டியிட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது கொல்லைக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"அது சும்மா துத்திங்க சார். சோளத்துக்குக் களை மருந்து அடிச்சோம். காத்துல மேல பட்டா இலை இப்புடித்தான் கோணிக்கும். அந்தாண்ட கொல்லைப் பருத்தியும் இப்புடித்தான் ஆச்சு. பெரிய சண்டைங்க!"

அம்மையார் குனிந்து, தண்டின் அடியில் புதிதாகத் துளிர்த்திருந்த இலையைத் தொட்டார். அகலமான, அச்சு அசல் துத்தி இலை.

"நல்லவேளை, என் பேரு இன்னும் அச்சுக்குப் போகல" என்றார் பேராசிரியர். காரில் எனக்கு இடம் இருந்தது. ஏறத்தான் முகமில்லை.

பஸ் பிடித்துப் பெரம்பலூரில் பஷீர் வீட்டு வாசலில் போய் நின்றேன். தொட்டியில் நாலு துத்திக் கன்றுகள். நாலிலும் அகல இலை.

"எப்படா தெரியும்?"

"பத்து நாளாச்சு. நீ அவமானப்படக் கூடாதேன்னுதான் போன் மேல போன் அடிச்சேன். எடுத்தாத்தானே?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "தப்புதாண்டா" என்றேன்.

"சரி சரி, உள்ள வா. சோறு ஆறுது."

இப்போது நான் அரியலூரில் வாத்தியார். பஷீர் வீட்டில் அந்தத் துத்தியின் வாரிசுகள் இன்னும் இருக்கின்றன. தொட்டியில் ஒரு தகரச் சீட்டு, அதில் 'தனவேல்' என்று என் பெயர். அது சும்மா துத்திதான் என்று கண்டுபிடித்தவன் அவனாம், அதனால் ஒப்பந்தத்தை மீறவில்லையாம். வாரத்துக்கு ஒருமுறையாவது அவன் மகள் போன் செய்வாள். இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

"மாமா, உங்களுக்கு இன்னைக்குத் தண்ணி ஊத்திட்டேன்."