தரைத்தள வீடும் மூன்று மனுக்களும்

சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் இரண்டும் வாசல் சேற்றில் புதைந்துவிட்டன. மனு சார் பின்னாலிருந்து மூச்சைப் பிடித்துத் தள்ளினார். நாற்காலி அசையவில்லை. அவருடைய செருப்புதான் ஒன்று கழன்று சேற்றுக்குள் போனது.

"விடுங்க, உள்ளயே போயிடலாம்" என்றாள் மனைவி.

"தெருமுனை வரைக்கும்தானே கேட்டே?"

"கேட்டேன். முனை எங்கயும் ஓடிப் போயிடாது."

அவளுக்குக் கால்கள் விளங்காமல் போய் நான்கு வருஷம். படியில்லாத தரைத்தள வீடு அது. மனு சார் குளியலறை நிலையை நாற்காலி நுழையும்படி அகலமாக்கி, அவள் கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் இரும்புக் கம்பி பதித்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவள் யார் தயவும் இல்லாமல் தானே குளித்தாள். அதனால் அந்த வீட்டை விட்டுப் போவது என்ற பேச்சே அவர்களுக்குள் கிடையாது.

மனு சார் அச்சகத்தில் பிழைதிருத்துகிறவர். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு எந்த மனு வேண்டுமென்றாலும் எழுதிக்கொடுப்பார். அதனால் வந்த பெயர். அன்று மாலையே எழுதும் மேசையில் உட்கார்ந்து, சாலை கேட்டு ஒரு மனு எழுதினார். மனைவியின் சக்கரங்களைப் பற்றிய பத்தியில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. அதில் ஒரு காற்புள்ளி அதிகம் என்று பட்டதால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை நீக்கினார்.

கவுன்சிலர் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "என்ன எழுத்து சார் இது! மக்களே கேக்கறாங்கன்னு இப்படி ஒரு காகிதம் இருந்தா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஒரே மாதத்தில் சாலை வந்துவிட்டது. அன்று மாலை அவள் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"முனையில ஒரு பூட்டுக்கடை இருக்குங்க! எனக்குத் தெரியவே தெரியாது."

அந்த வாரம் முழுக்க அவள் தினமும் பூட்டுக்கடையைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் வீட்டுக்காரர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"வீட்டை வித்துட்டேன் சார். ரோடு போட்டதும் நல்ல விலைக்குக் கேட்டாங்க. தெருவுல பாதி வீடு கைமாறிடுச்சு."

"யார் வாங்கினது?"

"ஏதோ கம்பெனி. ஆளைக் கண்ணால பாக்கல."

கம்பெனியிலிருந்து வாடகை உயர்வு அறிவிப்பு வந்தது. ஒன்றரை மடங்கு. மனு சார் கொதித்துப்போய், அதிலிருந்த ஏழு பிழைகளையும் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். நான்கு நாளில் புது அறிவிப்பு வந்தது. பிழைகள் எல்லாம் திருந்தியிருந்தன. வாடகை திருந்தவில்லை.

கவுன்சிலரிடம் ஓடினார்.

"வாடகையில நான் தலையிட முடியாதே சார், அது தனியார் விஷயம்" என்று கவுன்சிலர் வருத்தப்பட்டார். "ஆனா உங்க செலவைக் குறைக்கலாம். வேலைக்கு எப்படிப் போறீங்க?"

"ரெண்டு வண்டி மாறி."

"உங்க தெருவுக்கே பஸ் வந்துட்டா? எழுதுங்க ஒரு மனு."

எழுதினார். பஸ் வந்தது. 'பேருந்து நிறுத்தத்திற்கு வெகு அருகில்' என்ற காரணத்தோடு அடுத்த வாடகை உயர்வும் வந்தது. இந்த முறை பிழை ஒன்றுகூட இல்லை.

மனு சார் ராத்தூக்கம் கெட்டு யோசித்துவிட்டு, காலையில் மனைவியிடம் சொன்னார். "தெரு நல்லா இருக்கறதாலதானே வாடகை ஏறுது? கெடுத்துட்டா?"

"எப்படிக் கெடுப்பீங்க? உங்களுக்கு எறும்பை மிதிக்கக்கூட வராதே."

"எழுதிக் கெடுப்பேன்."

நகரத்துக் குப்பை முழுவதையும் தங்கள் தெருக்கோடியிலுள்ள காலி இடத்தில் கொட்டி உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொண்டார். கவுன்சிலர் இரண்டு முறை படித்தார்.

"அட, அங்க காலி இடம் ஒண்ணு இருக்கில்ல! நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க."

பூங்கா வந்துவிட்டது. நாற்காலி போக வசதியாகச் சரிவுப்பாதை வைத்த பூங்கா. திறப்பு விழாவில் மனு சாரின் மனைவியை முதல் வரிசையில் வைத்துப் படம் எடுத்தார்கள். அவள் அங்கே ஒரு மணி நேரம் மரக்கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்குக் கிடைத்த பூங்கா. மறுநாள் வந்த அறிவிப்பில் இருந்த வாடகை மனு சாரின் சம்பளத்தையே தாண்டிவிட்டது. கட்ட முடியாவிட்டால் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

மனு சார் பேனாவை மூடி மேசை இழுப்பறைக்குள் போட்டார். "இனிமே இதைத் தொட்டா நான் மனுஷனே இல்ல" என்றார். அவ்வளவு ஆசையாக எழுதிய கையை அவர் அன்றைக்கு உண்மையாகவே வெறுத்தார்.

கவுன்சிலர்தான் ஆறுதல் சொன்னார். ஊருக்கு வெளியே, பழைய வாடகையிலேயே, தரைத்தள வீடு ஒன்றைப் பார்த்துக்கொடுத்தார். சாமான் ஏற்ற வண்டியையும் தன் செலவிலேயே அனுப்புவதாகச் சொன்னார். மனு சார் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

கிளம்பும் காலையில் மனைவி குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. சுவர்க் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள்.

"இதைப் பிடுங்கிட்டுப் போக முடியாதா?"

"சுவரும் சேந்து வருமேம்மா."

"அப்போ இருக்கட்டும். வர்றவங்க துண்டாவது போட்டுப்பாங்க."

புது வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புதர் மண்டிய பொட்டல். விளக்குக் கம்பம் கிடையாது, சாலை கிடையாது. வண்டியிலிருந்து இறக்கியதும் நாற்காலி இரண்டு சுற்று உருண்டு, முன்சக்கரங்கள் மண்ணில் புதைந்து நின்றது. மனைவி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏங்க, இங்க தெருவே இல்லையே. முனைக்கு நான் எங்க போறது?"

மனு சார் அவள் முன்னால் மண்ணில் குந்தி, சக்கரத்தைக் கையால் தோண்டி எடுத்தார்.

"ஒரே ஒரு மனு எழுதிடறேன். ரோடு மட்டும். வேற எதுவும் கேக்கமாட்டேன், சத்தியமா."

வண்டிக்காரர் எழுதும் மேசையை ஒரு கீறல் விழாமல் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, துண்டால் அதைத் துடைத்தார்.

"எழுதுங்க சார். உங்க பழைய தெருவுல கம்பெனி பேர்ல வீடுங்களை வாங்கின மாதிரியே இந்தப் பொட்டலையும் மொத்தமா வாங்கிப் போட்டுட்டு, 'எது உடைஞ்சாலும் பரவாயில்ல, சாரோட மேசை மட்டும் பத்திரமாப் போய்ச் சேரணும்'னு கவுன்சிலர் நாலு தடவை சொல்லி அனுப்பினாரு."