பிள்ளையாருக்கு முதல் பெட்டி

"தம்பி, உது இடக்கையாலை எல்லோ அடுக்குது?"

கனகரத்தினம் முதலாளி இப்படிக் கேட்டதும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த தியாகராசா திரும்பிப் பார்த்தான்.

எண்பத்துநாலாம் ஆண்டு. முதலாளியின் மானிப்பாய்ச் சவர்க்காரத் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து புது மெஷின் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆள் உயரத்தில் ஒரு கொம்பியூட்டர் பெட்டி, முகம் மாதிரி ஒரு திரை, பக்கத்தில் ஓர் இரும்புக் கை. முன்னால் ஓடும் நீண்ட ரப்பர் வாரில் சவர்க்காரக் கட்டி வரும். மின்கண் அதைக் கண்டு பெட்டிக்குச் சொல்லும். பெட்டி கைக்குச் சொல்லும். கை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கும். சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்கிற இந்த ஒழுங்கைத் தியாகராசா அந்தத் தொழிற்சாலையில் வேறு யாரிடமும் கண்டதில்லை.

முதலாளி திரைக்கு நேரே நின்று பார்த்தார். கை இடப்பக்கம்தான் இருந்தது.

"வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு முதல் பெட்டி போகுது. இடக்கையாலை அடுக்கினதை எப்பிடியப்பா அவருக்குக் குடுக்கிறது?"

"ஐயா, மெஷினுக்கு ஏது இடக்கை வலக்கை?"

"அப்ப உது என்ன, காலோ?"

கொழும்பில் மூன்று மாதம் மெஷின் ஓட்டப் படித்தபோது இடக்கை வலக்கையைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. வெள்ளிக்குள் கை மாறாவிட்டால் மெஷின் திரும்ப லொறியேறும். அவன் பழையபடி கொப்பரையில் சவர்க்காரம் கிண்டவேண்டும். பண்டத்தரிப்புப் பொன்னம்பலம் தன் மகள் பத்மாவதியைத் தர ஒப்புக்கொண்டது கொம்பியூட்டர் ஒப்பரேற்றருக்குத்தான், சவர்க்காரம் கிண்டுகிறவனுக்கு அல்ல. பத்மாவதியை அவனுக்கு நிரம்பப் பிடித்திருந்தது.

புதன்கிழமை கையைக் கழற்றி வலப்பக்கம் பூட்டினான். வார் பழையபடி இடப்பக்கமே ஓடியது. கட்டிகள் அங்கே நிலத்தில் விழ, கை இங்கே காற்றை எடுத்து வெகு கவனமாக அடுக்கியது.

"தம்பி, இனி விழுகிறதை நான் வீட்டை கொண்டுபோவன்," என்றாள் அங்கே கூட்டித் துடைக்கும் செபஸ்தியம்மா. "குனிஞ்சு குனிஞ்சு நாரி முறியுது."

வியாழன் காலை வாரின் வயரையும் கையின் வயரையும் முனை மாற்றிக் கொழுவினான். வார் இப்போது வலப்பக்கம் ஓடியது. ஆனால் கையும் தலைகீழாகி, அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாரில் வைத்தது.

"வலக்கையாலைதானே எடுக்குது?" என்றார் முதலாளி.

"ஓம் ஐயா."

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது."

பின்னேரம் கையின் வயரை மட்டும் பழையபடி கொழுவினான். மின்கண்ணையும் வலப்பக்கத்துக்கு மாற்றினான். அதற்கு இடம் கிடைத்தது ஆட்கள் நிற்கும் கரையில்தான்.

வெள்ளி காலை அழைத்தவர்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, மெஷினுக்கு மாலையும் போட்டாயிற்று. தியாகராசா பொத்தானை அமத்தினான். ஒரு கட்டி, இரண்டு, பத்து. எல்லாம் பெட்டிக்குள் அழகாகப் போயின.

"கெட்டிக்காரன்தான்," என்று வருங்கால மாமனார் பொன்னம்பலம் மெச்சியபடி கிட்ட வந்து குனிந்து பார்த்தார். அவருடைய சரிகைச் சால்வை முன்னால் தொங்கியது.

கண் கண்டது. பெட்டி சொன்னது. கை சால்வையை உருவிக் கட்டிகளுக்கு மேலே அமத்தி வைத்தது.

"என்ரை சால்வை!"

தியாகராசாவின் கண்ணுக்குள் கொப்பரை தெரிந்தது.

"குறை நினையாதேங்கோ," என்று முதலாளி முந்திக்கொண்டார். "சால்வை பிள்ளையாருக்கெல்லோ போகுது. அதுவும் வலக்கையாலை எடுத்திருக்கு."

பொன்னம்பலம் யோசித்தார். சபையைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"ஓம், அதுவும் ஒரு பாக்கியம்தான்."

தியாகராசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மெஷினுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டிருந்த செபஸ்தியம்மா நிமிர்ந்தாள். திரை பார்க்கும் திசையையே தானும் பார்த்து நின்று, தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள்.

"முதலாளி, இஞ்சை பின்னாலை வந்து நிண்டு பாருங்கோ, முந்தி இருந்ததெல்லோ மெஷின்ரை வலக்கை, ஐயாவின்ரை சால்வையை உருவினதுதான் இடக்கை!"