இடது பக்கக் கதவு

கதவு திறக்காதது அவளுக்கு அவ்வளவு பெரிய பிரச்சினையாகப் படவில்லை. திறக்காத கதவோடு எவ்வளவு சத்தமாகப் பேசுவது என்பதுதான் பிரச்சினை. மெதுவாகப் பேசினால் உள்ளே இருக்கிறவருக்குக் கேட்காது. உரக்கப் பேசினால் மாடி முழுக்கக் கேட்கும்.

"சார், உங்களைத் தொந்தரவு பண்ண வரல" என்றாள், நடுவாந்தரமான குரலில். "சும்மா பேசிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கதவு கதவாகவே இருந்தது.

அவள் மனநல மருத்துவம் படிக்கும் பயிற்சி டாக்டர். ஆஸ்பத்திரிக்கு வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சமூக மனநலப் பிரிவில் அவளைப் போட்டிருந்தார்கள். கூடப் படித்தவர்கள் தோல், கண் என்று, நோயாளிகள் தாங்களாகவே வந்து வரிசையில் நிற்கும் பிரிவுகளாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். "வீடு வீடாவா? பினாயில் விக்கிற மாதிரியா?" என்று ஒருத்தி கேட்டாள். அம்மா போனில் இன்னும் சுருக்கமாகக் கேட்டாள்: "இத்தனை வருஷம் படிச்சது கதவு தட்டவா?"

இந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் ஒரு பஸ் கண்டக்டர். ஒரு நாள் காலை, நெரிசலில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர், தோள்பையைக் கழற்றி டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டு, இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டார். அதன்பின் வெளியே வரவே இல்லை. மளிகை வாசலுக்கு வந்துவிடுகிறது. வெளியூரில் இருக்கும் தங்கை போன் பண்ணினால், "நல்லா இருக்கேன், வச்சிடறேன்." தங்கை நேரில் வந்து தட்டியும் திறக்கவில்லை. அந்தத் தங்கைதான் வழி சொல்லியிருந்தாள். "மூணாவது மாடி. லிஃப்டை விட்டு வெளிய வந்தா இடது பக்கக் கதவு."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. லிஃப்டுக்கு நேர் எதிரே வந்து முடியும் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி, இடது பக்கக் கதவைத் தட்டினாள். புதுப் பெயின்ட் அடித்தவர்கள் கதவு எண்களையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் தட்டிக்கொண்டிருக்கையில், முதுகுக்குப் பின்னால் எதிர்வீட்டுக் கதவு சங்கிலி விட்ட அளவுக்குத் திறந்தது. இடைவெளியில் ஐம்பது வயது முகம் ஒன்று, பாதி மட்டும் தெரிந்தது.

"யாரும்மா?"

தலைமை டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். "நாம யாரு, யாரைப் பாக்க வந்தோம்னு அக்கம்பக்கத்துல மூச்சு விடக்கூடாது. நாம வந்துட்டுப் போயிடுவோம், அவங்க அங்கதான் வாழணும்." அதனால்தான் வெள்ளைக் கோட்டு இல்லை, கழுத்தில் அடையாள அட்டை இல்லை.

"சொந்தக்காரங்க" என்றாள்.

"யாருக்கு?"

"இங்க இருக்கிறவருக்கு."

பாதி முகம் அந்தக் கதவைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது.

"அந்தக் கதவைத் தட்டிப் பிரயோஜனம் இல்லம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சேவா தட்டுறீங்க?"

"ஆமா. இனிமே வாராவாரம் வருவேன்."

எதிர்வீட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ஒரு மனிதரைப் பக்கத்து வீட்டுக்காரரே இப்படிக் கைகழுவிவிட்டாரே என்று அவளுக்குக் கோபம் வந்தது. பாடப் புத்தகத்தில் இதற்கென்று ஓர் அத்தியாயமே இருந்தது.

சில வாரங்கள் கழித்துத் தலைமை டாக்டர் கூப்பிட்டார்.

"கண்டக்டர் என்ன ஆனாரு?"

"இன்னும் திறக்கல சார்."

"அடுத்த வாரமும் இதே கதைன்னா கேஸை வேற ஆளுக்கு மாத்திடுவேன். இந்தப் பிரிவுல ஒரே ஒரு இடம்தான் காலியாகுது. அதை உனக்குக் கொடுக்கணும்னா, ஒரு மனுஷனையாவது நீ வாசல் வரைக்கும் கொண்டு வந்து காட்டணும்."

அந்த இடம் அவளுக்கு வேண்டும். ஏன் என்று நேர்முகத்தில் கேட்டால் சொல்ல நல்ல பதில்கள் இருந்தன. நிஜமான பதில் வேறு. வந்து இத்தனை நாளாகியும் இந்த ஊரில் உரிமையோடு தட்டுவதற்கு அவளுக்கு ஒரு கதவு கிடையாது. இந்த வேலை ஒன்றுதான் அந்த உரிமையைக் கொடுத்தது.

அடுத்த வாரம் படியில் உட்கார்ந்தபோது, கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் தீர்ந்துபோயிருந்தன. பேச்சு நிற்கக் கூடாது என்பதற்காகத் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"சார், நான் கப் வாங்கப் போனேன். ஜோடியாத்தான் கொடுப்பேன்னுட்டான் கடைக்காரன். ஒண்ணுல காப்பி குடிக்கிறேன். இன்னொண்ணுல பிரஷ் போட்டு வச்சிருக்கேன். அதையும் கப்பாவே வச்சிருக்கலாம்தான். ஆனா கழுவிக் கவுக்கும்போது ரெண்டு இருந்தா, யாரோ வந்துட்டுப் போன மாதிரி இருக்கும்."

உள்ளேயிருந்து டக் என்று ஒரு சத்தம்.

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "சார்? கேக்குதா? கேட்டா இன்னொரு தடவை தட்டுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஜில்லென்று ஒரு காற்று படிக்கட்டில் ஏறி வந்தது. டக்.

"தட்டுறாரா!" தலைமை டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "திறக்காத கதவு வழியா ஒரு தொடர்பு! அடுத்த மாசக் கூட்டத்துல பயிற்சி டாக்டர்கள் எல்லாருக்கும் நீ இதைப் பத்திப் பேசற. தூக்கம், பசி, மனநிலை எல்லாம் கேட்டு வச்சிடு."

இப்படியாக, கேஸ் கையை விட்டுப் போகாமலிருக்கச் சொன்ன ஒரு தட்டு, மேடை வரைக்கும் போய்விட்டது.

அவள் விதி வகுத்தாள். ஒரு தட்டு என்றால் ஆமாம். சும்மா இருந்தால் இல்லை. தூங்குகிறாரா? டக். சாப்பிடுகிறாரா? சத்தமில்லை. அன்றே ஒரு பன் பாக்கெட்டை வாங்கி வாசலில் வைத்தாள். அடுத்த வாரம் பாக்கெட்டைக் காணவில்லை. "பசி திரும்பியிருக்கிறது" என்று தலைமை டாக்டரிடம் அறிவித்துவிட்டு, வாராவாரம் ஒரு பாக்கெட் வைக்க ஆரம்பித்தாள். வெயில் நாட்களில் அவர் ஒதுங்கி இருக்கிறார், காற்றடிக்கிற நாட்களில் கலகலப்பாகப் பழகுகிறார் என்பதையும் கவனித்துச் சொன்னாள்.

"வானிலை சார்ந்த மனநிலை மாற்றம்!" என்றார் தலைமை டாக்டர், கண்கள் மின்ன.

எதிர்வீட்டுக்காரர்தான் பெரிய இடைஞ்சலாக இருந்தார். வாராவாரம் அவருடைய கதவு கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்தது. முதலில் குரல் மட்டும்: "படியில உக்காராதீங்கம்மா, மேல ஏறி உள்ள தள்ளி வாங்க." பிறகு சங்கிலி கழன்று, ஒரு முக்காலி வாசற்படியைத் தாண்டி வெளியே தள்ளப்பட்டது. இன்னொரு வாரம் ஒரு தம்ளர் தண்ணீர்.

"யாரோட பேசறீங்கம்மா?" என்று கதவுக்கு உட்புறம் நின்றபடியே கேட்டார்.

"உள்ள இருக்கிறவரோட."

"அவரு பேசறாரா?"

"இப்போதைக்குத் தட்டுறாரு. பேச்சு வர நாளாகும்."

அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். மறுத்துப் பேசக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி ஆட்டினார்.

"ராத்திரி தூங்கறீங்களாம்மா?"

"ஏதோ."

"சாப்பாடு?"

"ஒரு ஆளுக்குச் சமைக்கச் சோம்பலா இருக்கு."

"வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நான் தனி."

"இவரு தட்டுறது," கதவைக் கண்ணால் காட்டினார், "உங்களுக்கு மட்டும் கேக்குதா, எல்லாருக்குமா?"

என்ன ஒரு துருவல் என்று எரிச்சலோடு முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பும்போது, தூங்குகிறாயா என்று இந்த ஊரில் தன்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. அந்த நினைப்பை உடனே ஒதுக்கிவிட்டாள். அவர் நோயாளி இல்லை. அவரோடு பேசுவது வேலையில் சேராது.

கதவோடு பேசுவது வேலையில் சேர்த்தி. அதனால் எல்லாவற்றையும் அதனிடமே சொன்னாள். "ஞாயித்துக்கிழமை முழுக்க என்கிட்ட பேசினது ஒரே ஒருத்தர் சார். 'சில்லறையா இருந்தா குடுங்க'ன்னு கடைக்காரர் சொன்னாரு. என்கிட்ட சில்லறை இருந்துச்சு. இருந்தும் இல்லைன்னுட்டேன். அவரு தேடி எடுக்கற வரைக்கும் நின்னு பேசிட்டு இருக்கலாமேன்னு."

பின்னால் எதிர்வீட்டுக் கதவருகே யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். முன்னால், டக்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் வானம் கறுத்துக் கிடந்தது. கேட்காமல் விட்டிருந்த கேள்வி ஒன்று பாக்கி. அதைக் கேட்காமல் எந்த மனநல டாக்டரும் கேஸை மேடையேற்ற முடியாது. அவள் முக்காலியைக் கதவை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உயிரோட இருக்கவே வேணாம்னு எப்பவாவது தோணுதா?"

வெளியே புயல் காற்று கட்டிடத்தைப் பிடித்து உலுக்கியது.

டக். டக்டக். டக்டக்டக்டக்.

அவள் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "சார், வேணாம் சார்! நான் இருக்கேன்! எதுவும் பண்ணிக்காதீங்க!" என்று இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினாள். உள்ளேயும் விடாமல் தட்டினார். போனை எடுத்துத் தலைமை டாக்டரிடம் சொன்னாள்.

"இப்பவும் தட்டுறாரா? அப்ப உயிரோடதான் இருக்காரு. இந்த மழையில வண்டி ஒண்ணும் வராது. காலையில முதல் வேலையா கதவை உடைச்சிடலாம்" என்றார் அவர்.

போனை வைத்ததும் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். கதவை உடைத்து, கையைக் காலைப் பிடித்து, வண்டியில் ஏற்றுவார்கள். தன் இரண்டாவது கப்பைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டிருந்த ஒரே மனிதரை அவளே பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றதை அவள் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள். ஆடுகிற தரையில் நடந்து வந்தவர் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது.

"அழாதீங்கம்மா."

"நாளைக்கு அவரைக் கொண்டு போயிடுவாங்க."

"யாரும் யாரையும் கொண்டு போக மாட்டாங்க. நீங்க வீட்டுக்குப் போங்க. நாளைக்கு நான் ஒரு ஏற்பாடு பண்றேன்."

"உங்களால என்ன பண்ண முடியும்?"

"முடியுமான்னு எனக்கே தெரியல" என்றார் அவர், படிக்கட்டைக் கீழ்வரை எட்டிப் பார்த்து. "பாக்கறேன்."

கிளம்பும்போது மாடி வளைவிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் முதல் படியருகே நின்று, ஒரு காலை இறக்கி வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். விசித்திரமான ஆள் என்று நினைத்துக்கொண்டே இறங்கினாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. கடப்பாரையோடு ஒரு தச்சர், கொட்டாவி விட்டபடி ஒரு போலீஸ்காரர். தலைமை டாக்டர் அறையில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இன்னும் ஒரு வாரம் கொடுங்க. அவருக்கு என்கிட்ட நம்பிக்கை இருக்கு."

"உனக்கு அவர் மேல பாசம் வந்துடுச்சு. அது வேற. அவரை வார்டுல சேத்துடலாம். நீயும் வார்டுக்கே திரும்பிடு. அங்க சாவி நம்ம கையில இருக்கும், இந்த வம்பெல்லாம் கிடையாது."

அவள் கண்ணாடித் தடுப்பு வழியே வெளியே பார்த்தாள். காத்திருப்போர் பெஞ்சின் ஓரத்தில், கழுத்து வரை பட்டன் போட்ட இஸ்திரி சட்டையில், கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார் எதிர்வீட்டுக்காரர். மேல்கம்பியைப் பிடிப்பது போல ஒரு கை ஜன்னல் கம்பியைப் பற்றியிருந்தது. மடியில் ஒரு பை. அதற்குள் பிரிக்காத பன் பாக்கெட்டுகள். அவள் வாராவாரம் வாசலில் வைத்த அதே பன்கள்.

பன்னை எடுத்தது இந்த ஆளா? அப்படியானால் உள்ளே இருந்தவர் இத்தனை வாரமும் பட்டினியா? திருடியதும் இல்லாமல், இங்கேயே வந்து புகார் வேறு கொடுக்கப் போகிறாரா?

"சார், ஒரு நிமிஷம்" என்று அவள் வாயைத் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வரவேற்பறைப் பெண் உள்ளே வந்தாள்.

"டாக்டர், ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிடலாம். அந்தக் கண்டக்டர், தங்கச்சி முன்னாடி கொடுத்திருந்த நம்ம ஆஸ்பத்திரி விலாசத்தை விசாரிச்சுக்கிட்டு, தானே வந்து வெளிய உக்காந்திருக்காரு. தனக்கு ஒண்ணும் வேணாமாம். அவரு எதிர்வீடு ஆளே இல்லாம பூட்டிக் கிடக்காம், அங்க ஒரு பொண்ணு வாராவாரம் வந்து, ஜன்னல் காத்துல அடிச்சுக்கற சத்தத்தோட பேசி அழுதுட்டுப் போகுதாம், பாவம், அதுக்கு யாருமே இல்ல, நம்ம ஆஸ்பத்திரியில இருந்து யாராவது ஒரு நடை அது வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டக் கூடாதான்னு கேக்கறாரு."