சுலோஜனாவின் எண்பத்தாறு

தராசின் முள் ஆடியாடித் தொண்ணூற்றொன்றிலேயே வந்து நின்றது. பரமலிங்கம் வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார். மூச்சை முழுதாக வெளியே விட்டுப் பார்த்தார். கைமணிக்கூட்டைக் கழற்றி யன்னல் கட்டின்மேல் வைத்துவிட்டும் ஏறிப் பார்த்தார். முள் தயவு தாட்சண்யம் காட்டவில்லை.

"எத்தினை?" என்று குசினி வாசலில் அகப்பையும் கையுமாக நின்று கேட்டாள் மனைவி சுலோஜனா.

"அதே தொண்ணூற்றொண்டு."

"போன ஞாயிறும் அதுதானே? அப்ப இண்டைக்கு இடியப்பம் நாலில்லை, மூண்டு."

பரமலிங்கத்துக்கு முதற் சந்தேகம் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. கலியாணம் முடித்த இருபத்தெட்டு வருடத்தில் இந்த வீட்டில் இடியப்பம் கூடியிருக்கிறதே தவிரக் குறைந்தது கிடையாது. "காணும்" என்று கையால் மறித்தால் அந்தக் கைமேலேயே சொதி ஊற்றுகிறவள் சுலோஜனா. பசியில்லை என்றால் இரண்டு நாள் முகம் கொடுக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் இன்று ஒன்றை எண்ணி எடுத்துத் தன் கோப்பையில் போடுகிறாள்.

விசயம் சாப்பாட்டோடு முடிவதென்றால் பரவாயில்லை. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அறிவில்லாமல் கிடந்து எழும்பிய அவருக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் கண்டுபிடித்த டொக்டர், நிறை தொண்ணூற்றைந்து என்பதையும் கண்டுபிடித்து, மூன்று மாதத் தவணை கொடுத்திருந்தார். எண்பத்தெட்டுக்கு இறங்கினால் குளிசையோடு சமாளிக்கலாம், இறங்காவிட்டால் தினமும் ஊசி. பரமலிங்கம் வேலணையில் ஒரு தபால் கந்தோருக்குப் பொறுப்பானவர். ஊரிலே நாலு பேர் எழுந்து நின்று கதைக்கிற மனிதர். ஆனால் ஊசியைக் கண்டால் அவருக்கு இன்றைக்கும் ஐந்தாம் வகுப்புப் பெடியனின் நெஞ்சுதான்.

முதல் இரண்டு கிழமையில் நாலு கிலோ இறங்கியது. அவர் துள்ளிக் குதிக்காத குறை. அதன் பிறகுதான் முள் தொண்ணூற்றொன்றில் குந்திக்கொண்டது.

அன்று மத்தியானமே கிளினிக் தாதி அஜந்தாவுக்குப் போன் எடுத்தார்.

"மிஸ்ஸி, இறங்குதில்லை. சாப்பாட்டைக் குறைக்கட்டோ?"

"அவசரப்படாதேங்கோ அண்ணை. முதல் கிழமையளிலை போனதிலை முக்கால்வாசி தண்ணி. கொழுப்பு ஆறுதலாத்தான் கரையும். மூண்டு கிழமைக்கு முள்ளு அசையாமல் நிண்டாத்தான் சாப்பாட்டிலை கைவைக்கிறது. அதுவும் ஒரு நூறு, நூற்றைம்பது கலோரி. அதுக்கு முன்னம், வாய்க்குள்ளை போறது எல்லாத்தையும் ஒண்டும் விடாமல் எழுதிப் பாருங்கோ."

"தலைச்சுத்து வந்தா?"

"வந்தாக் கூட்டவேணும். கண்டபடி குறைக்காதேங்கோ."

பரமலிங்கம் இதையெல்லாம் ஒரு கொப்பியில் இலக்கமிட்டு எழுதி, "கண்டபடி குறைக்காதேங்கோ" என்பதற்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடும் கீறி, சுலோஜனாவுக்கு வாசித்துக் காட்டினார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மிஸ்ஸிப் பிள்ளை வேலைக்கு வந்து ரெண்டு வருசம். எனக்கு உங்களை இருபத்தெட்டு வருசமாத் தெரியும்" என்றாள். இராச்சாப்பாட்டுப் பிட்டு ஒரு கோப்பையிலிருந்து முக்கால் கோப்பையாயிற்று.

"எண்பத்தெட்டுக்கு இன்னும் மூண்டு கிலோதானே சுலோ? ஏன் உந்த அவசரம்?"

"எண்பத்தெட்டில்லை. எண்பத்தாறு."

"டொக்டர் எண்பத்தெட்டு எண்டெல்லோ சொன்னவர்?"

"நான் எண்பத்தாறு எண்டு சொல்லுறன். அதுவும் ஐப்பசிக் கடைசி வெள்ளிக்கு முன்னம்."

"ஏன் ஐப்பசிக் கடைசி வெள்ளி?"

"ஏன் பிட்டு ஆறுது? சாப்பிடுங்கோ."

இப்படித் தேதி வைத்து, இலக்கம் வைத்து ஒரு பெண்சாதி புருசனைக் குறைப்பாளா? பரமலிங்கத்துக்கு நித்திரை வரவில்லை. பசியிலா, சந்தேகத்திலா என்று பிரித்துச் சொல்ல அவராலேயே முடியவில்லை.

அடுத்தநாள் கந்தோரில் தபாற்காரர் பிரசாந்தனிடம் விசயத்தை விட்டுப் பார்த்தார். கடிதம் பிரித்துக்கொண்டிருந்த பிரசாந்தன் கையை நிறுத்தினான்.

"அண்ணை, நீங்கள் லைஃப் இன்சூரன்ஸ் ஏதும் போட்டிருக்கிறியளோ?"

"போட்டுக் கிடக்கு."

"ஆற்றை பேருக்கு வரும்?"

"அவவின்ரை பேருக்குத்தான். வேறை ஆற்றை பேருக்கு?"

பிரசாந்தன் ஒன்றும் சொல்லாமல் மறுபடி கடிதம் பிரிக்கத் தொடங்கினான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரமலிங்கம் தாங்கியிருப்பார்.

"ஏனப்பா கேட்டனீர்?"

"சும்மா கேட்டனான் அண்ணை." கொஞ்ச நேரம் கழித்து முன் தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு கடதாசிப் பையோடு வந்தான். "இந்தாங்கோ, ரெண்டு வாய்ப்பன். என்ன நடந்தாலும் உடம்பிலை தெம்பு வேணும்."

வாழைப்பழமும் மாவும் பிசைந்து பொரித்த வாய்ப்பன் சுடச்சுட, எண்ணெய் மினுங்க இருந்தது. பரமலிங்கம் கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டையும் முடித்தார். கொப்பியில் எழுதவில்லை. கொப்பி சாப்பாட்டுக்குரியது. இது தற்காப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஏறினார். தொண்ணூற்றொன்று.

"பாத்தியளோ?" என்றாள் சுலோஜனா. "நீங்களும் உங்கடை மிஸ்ஸியும்!" முக்கால் கோப்பை அரைக் கோப்பையாயிற்று.

அரைக் கோப்பையை ஈடுகட்ட வாய்ப்பன் மூன்றாயிற்று, கூடவே ஒரு பால்தேத்தண்ணியும். அடுத்த ஞாயிறு முள் தொண்ணூற்றொன்றைத் தாண்டி ஒரு மயிரிழை மேலே நின்றது. சுலோஜனா கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். அன்றிலிருந்து இரவுக்குக் கீரைக் கஞ்சி மட்டும் என்று தீர்ப்பானது. கீரைக் கஞ்சிக்கு எதிராக வாய்ப்பன் நாலாயிற்று. அவள் குறைக்கக் குறைக்க அவர் கூட்டினார். அவர் கூட்டக் கூட்ட அவள் குறைத்தாள். இரண்டுக்கும் நடுவே முள் மட்டும் நிம்மதியாக இருந்தது.

கிளினிக் நாள் வந்தது. சுலோஜனாவும் கூடவே வந்தாள். அஜந்தா மிஸ்ஸி கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் புருவம் மேலே போனது.

"அண்ணை, உதிலை எழுதியிருக்கிறது ஒரு நாளைக்கு எழுநூறு கலோரியும் வராது. உங்களை ஆர் இவ்வளவு குறைக்கச் சொன்னது?"

பரமலிங்கம் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்தாள்.

"எழுநூறு கலோரியிலை முள்ளு மேலை போன மனுசனை நான் இன்னும் காணேல்லை. வாய்க்குள்ளை போறதெல்லாம் எழுதினனீங்கள்தானே?"

வாய்ப்பன் தொண்டை வரை வந்தது. பக்கத்திலே சுலோஜனா. "ஓம் மிஸ்ஸி" என்றார்.

"அப்ப உள்ளுக்கை என்னவோ பிழை. தைரொயிட்டும் பாக்கவேணும், வேறை ரெண்டு மூண்டும் பாக்கவேணும். கையை நீட்டுங்கோ, ரத்தம் எடுப்பம்."

ஊசிக்குப் பயந்து தொடங்கிய விரதம் ஊசியிலேயே வந்து நின்றது. மூன்று குப்பி எடுத்தார்கள். பரமலிங்கம் கண்ணை இறுக மூடி, மனதுக்குள் தேத்தண்ணிக் கடைக்காரனைச் சபித்துக்கொண்டிருக்கும்போது சுலோஜனாவின் குரல் மெல்லக் கேட்டது.

"மிஸ்ஸி, ரத்தம் எடுத்தா எவ்வளவு குறையும்?"

"என்ன குறையும்?"

"நிறை."

மிஸ்ஸி சிரித்தாள். பரமலிங்கம் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம், கிணற்றடியில் நின்று அவள் போனில் கதைத்ததை வாழைமரத்துக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"ஓம் அக்கா... இல்லை அக்கா, மனுசன் இறங்குதில்லை. நான் என்னத்தைச் செய்ய? ஓம், ஓம், எண்பத்தாறுக்கு மேலை போனா நான் எங்கை போறது... அவருக்குச் சொல்லேல்லை. சொன்னாச் சரிவராது."

அந்த இரவு அவர் கீரைக் கஞ்சியைத் தொடவில்லை. முதலில் சுலோஜனா குடித்துக் காட்டட்டும் என்றார். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முழுவதையும் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தாள். பரமலிங்கம் உயிரோடும் பசியோடும் விடியும்வரை முழித்திருந்தார்.

காலையில் எழும்ப வீடு சுற்றியது. கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு முன்விறாந்தைக் கதிரையில் சாய்ந்தார். இனிப் பொறுக்க ஏலாது என்று முடிவெடுத்தார்.

"சுலோ, இஞ்சை வாரும். உண்மையைச் சொல்லும். என்னைக் கொல்லப்போறீரோ?"

சுலோஜனா கையிலிருந்த விளக்குமாறை அப்படியே கீழே போட்டாள். "என்னப்பா கதைக்கிறியள்? நானோ?"

"எண்பத்தாறு எண்டா என்ன? ஐப்பசி வெள்ளியிலை என்ன நடக்கப்போகுது? ஆரந்த அக்கா?"

அவள் வாயைத் திறக்க முதல் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. பிரசாந்தன்.

"அண்ணை, சுகமில்லையாம் எண்டிச்சினம். இண்டையான் வாய்ப்பனைக் கொண்டுவந்தனான். வழமையான நாலோட, சுகமில்லாததாலை ரெண்டு கூட..." என்று சொல்லிக்கொண்டு வந்தவன் சுலோஜனாவைக் கண்டான். பையைக் கதிரையில் வைத்தான். வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சைக்கிள் திரும்பியது.

கடதாசிப் பையில் எண்ணெய் மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.

"வழமையான நாலோ?" என்றாள் சுலோஜனா.

பரமலிங்கம் தலையைக் குனிந்தார்.

"எத்தினை கிழமையா?"

"ஒரு... மூண்டு, நாலு கிழமை இருக்கும்."

அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் நிலத்தில் குந்திச் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"ஒரு நாளைக்கு நாலு வாய்ப்பன்! நான் உங்களுக்குக் குடுக்காமல் நானும் சாப்பிடாமல்... ஊரெல்லாம் அலைஞ்சு, ஆரார் காலையோ பிடிச்சு... இனி நான் அங்கை என்னெண்டு போய் நிக்கிறது?"

"எங்கை போய் நிக்க? என்ரை செத்த வீட்டிலையோ?"

"வாயைக் கழுவுங்கோ!" என்று அவள் அழுகைக்கு நடுவிலே கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஓட்டோ வந்து நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனுசி, கழுத்தில் செபமாலையோடு, கட்டிறுக்கிய சாக்கு மூட்டையொன்றை ஓட்டோக்காரனும் தானுமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

சுலோஜனா அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள். "அல்போன்சம்மா அக்கா! இவர் கந்தோருக்குப் போன பிறகெல்லோ வரச்சொன்னனான்!"

"புங்குடுதீவிலையிருந்து வாறன் பிள்ளை, எனக்கு மணி தெரியுமே?" அல்போன்சம்மா மூட்டையை விறாந்தையில் இறக்கினாள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு பரமலிங்கத்தை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை, சந்தையில் மாடு பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். பிறகு வாய்ப்பன் பையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"இந்த மூட்டையோட மொத்தம் எண்பத்தாறு கிலோ, இனித் தீவு முழுக்கத் தேடினாலும் இந்த வருசம் ஒரு துண்டும் கிடையாது, அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை அறிவில்லாமல் கிடந்தவர் எழும்பினா ஐப்பசிக் கடைசி வெள்ளியிலை கோயில் தராசிலை அவரின்ரை நிறைக்கு நிறை பனங்கட்டி போடுறன் எண்டு அம்மாளுக்கு நேந்தது நீர், அதாலை பிள்ளை, பனங்கட்டி கூட வழியில்லை, அண்ணைதான் குறையவேணும்!"