பின் அறைக்கு லைன் கிளியர்

சேலையூர்,
12.10.2006

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை சுகுமார் அவர்களுக்கு, மாமனார் ஏகநாதன் அநேக ஆசிகளுடன் எழுதுவது.

இங்கு நானும் உங்கள் மாமியார் ரேணுகாம்பாளும் சௌக்கியம். என் பிரஷர் மாத்திரை, பால், தண்ணீர் லாரி மூன்றும் ஏறக்குறையக் குறித்த நேரத்துக்கு ஓடுகின்றன. ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும். துர்காவுக்கு ஆறாம் மாதம் நடப்பதால் வீட்டுக்குள்ளேயும் காலுறை போட்டுக்கொள்ளச் சொல்லவும். இந்த விஷயத்தை போனில் பேசியிருக்கலாம். ஆனால் போன் ஹாலில் இருக்கிறது, நான் போனை எடுத்தால் ரேணுகாம்பாளும் ஹாலில் இருக்கிறாள். அதனால்தான் கடிதம்.

போன வருடம் நீங்கள் ஆசையாக வாங்கி வந்து கொடுத்த சின்ன ரயில் பற்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது குறை அல்ல. மாப்பிள்ளை கொடுத்த பொருளில் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன்.

ரயில் ஓட ஒரு பலகை வேண்டும் என்று முடிச்சூரிலிருந்து துளசிங்கம் என்ற தச்சரைக் கூட்டி வந்தேன். பின் அறை பன்னிரண்டுக்குப் பத்து. அதில் ஒன்பதுக்கு ஏழு பலகை, ஆறு கால், நடுவில் ஒரு மலை, மலைக்குள் ஒரு குகை, எல்லாம் அறைக்குள்ளேயே வைத்து அடித்து, ஒட்டி, பெயின்ட் பூசி, ஒரு மாதம் உழைத்து முடித்தோம். பிரமாதமாக வந்தது. முடிந்த அன்று, கீழே கொஞ்சம் பெருக்க வேண்டும், வெளியே எடுங்கள் என்றாள் ரேணுகாம்பாள். எடுத்தோம். அதாவது எடுக்கப் பார்த்தோம். நெட்டுக்கு நிறுத்தினால் மலை இடிக்கிறது, படுக்க வைத்தால் கால் இடிக்கிறது, சாய்த்தால் துளசிங்கம் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். அங்கிருந்தபடியே அவர், "இன்னா சார் நீ, வாசப்படி அளவு சொல்லவே இல்லியே! மேஜை செய்னு சொன்ன, செஞ்சேன். வெளிய வரணும்னு சொன்னியா?" என்று என்னையே கேட்டார். அன்று முதல் பலகை உள்ளே, கட்டில் ஹாலில், நான் அறையைச் சுற்றி வருவதென்றால் வயிற்றை எக்கிக்கொண்டு நண்டு நடை.

அடுத்தது இன்ஜின். நீங்கள் கொடுத்தது இரண்டு, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. இதெல்லாம் டிஜிட்டல், மாமா, கூட இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இன்ஜினுடைய நம்பரை அழுத்திக் குமிழைத் திருகினால் உத்தரவு தண்டவாளம் வழியாகவே போகும், அந்த நம்பர் இன்ஜின் மட்டும் கேட்டு நடக்கும் என்று நீங்கள் அன்றே சொன்னீர்கள். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லா இன்ஜினுக்கும் மூன்றாம் நம்பர்தான், மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னீர்களாம். அந்த நேரம் நான் உங்களுக்கு இன்னொரு வடை வைத்துக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, மூன்றை அழுத்தி, "ரைட்" என்று குமிழைத் திருகினேன். சிவப்பு கிளம்பியது. பச்சையும் கிளம்பியது. நான் பெட்டியைப் பார்ப்பதா, வண்டியைப் பார்ப்பதா என்று திகைப்பதற்குள் குகை வாசலில் நேருக்கு நேர் மோதல். முப்பத்துநாலு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து என் ஸ்டேஷனில் ஒரு விபத்து கிடையாது, மாப்பிள்ளை. ஒரு மாடு கூட அடிபட்டதில்லை. ரிட்டயர்டு ஆகி மூன்று வருடம் கழித்து, பனியனோடு, என் வீட்டு அறையில் இந்தப் பழி. கார்பன் வைத்து மூன்று பிரதி விபத்து அறிக்கை எழுதினேன். ரேணுகாம்பாளைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னதற்கு, "எனக்கு அடுப்புல பால் இருக்கு" என்று போய்விட்டாள். வேறு அதிகாரி இல்லாததால் என்னை நானே மூன்று நாள் சஸ்பெண்ட் செய்துகொண்டேன்.

நான்காம் நாள் வேலைக்குத் திரும்பி, பச்சைக்கு ஏழாம் நம்பர் கொடுக்கப் பார்த்தேன். ஏதேதோ பொத்தானை அழுத்தினேன், பெட்டி "பீப்" என்றது, சந்தோஷம். ஏழை அழுத்தினால் பச்சை ஓடியது. கூடவே சிவப்பும் ஓடியது. இப்போது இரண்டுக்கும் ஏழு! கீழ் வீட்டு அருள்மேரி டீச்சர் மின்சாரம், காந்தம் எல்லாம் பாடம் நடத்துகிறவர். அவரைக் கூப்பிட்டேன். அவர் அட்டைப்பெட்டியிலிருந்து பத்து பாஷை அச்சிட்ட புத்தகத்தை எடுத்து, இங்கிலீஷ் பக்கத்தில் விரலை வைத்து, "சார், கொட்டை எழுத்துல போட்டிருக்கானே. நம்பர் மாத்துறப்ப ஒரு இன்ஜின் மட்டும்தான் தண்டவாளத்துல இருக்கணும். நீங்க ரெண்டையும் நிக்க வச்சு ஒரே பேர் வச்சிருக்கீங்க. இதைப் படிக்கவே இல்லியா?" என்றார். முப்பத்துநாலு வருஷம் நிஜ ரயிலை அனுப்பியவன் பொம்மை ரயிலுக்குப் புத்தகம் படிப்பதா என்று இருந்துவிட்டேன், தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். பச்சையை எடுத்துக் கைக்குக் கிடைத்த காபிப்பொடி டப்பாவில் போட்டுவிட்டு, சிவப்புக்குத் திரும்ப மூன்று கொடுத்தேன். சரியாகிவிட்டது. மறுநாள் காலை ரேணுகாம்பாள் ஃபில்டரில் போட்டதில் பாதி காபிப்பொடி, பாதி இன்ஜின். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வண்டியும் தனித்தனியாக, ஒன்று நிற்க ஒன்று போக, சொன்னபடி கேட்டு ஓடின. அடடா! ஆயுதபூஜை வந்தது. இன்ஜின் இருக்கும் வீட்டில் ஆயுதபூஜையை எப்படி விடுவது? தெருவில் பதினோரு பேரைச் சுண்டலுக்கு அழைத்தேன். இன்ஜினுக்குச் சந்தனம், ரயில் பெட்டிகளுக்குக் குங்குமம், தண்டவாளத்துக்கு நெடுகச் சந்தனப் பொட்டு, சக்கரத்துக்கு அடியில் ஒரு நெல்லிக்காய் அளவு எலுமிச்சை. கற்பூரம் காட்டி, மூன்றை அழுத்தித் திருகினேன். அசையவில்லை. ஏழை அழுத்தினேன். ம்ஹும். பதினோரு பேரும் சுண்டலை மென்றுகொண்டு என்னையே பார்க்கிறார்கள். "சார், பவரே தண்டவாளம் வழியாத்தான் போகணும். அது மேலயே சந்தனத்தைப் பூசிட்டா?" என்று அருள்மேரி டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. ஈரத்துணியால் துடைத்தேன். மஞ்சளாகப் பரவியதே தவிரப் போகவில்லை. மானம் போயிற்று.

அப்போதுதான் ரேணுகாம்பாள் சமையலறையிலிருந்து ஒரு உருண்டை புளியோடு வந்தாள். "நகருங்க" என்றாள். குத்துவிளக்கு தேய்ப்பதுபோல ஒன்பதடி போய், ஏழடி திரும்பி, தண்டவாளம் முழுக்கத் தேய்த்து, துடைத்து, நிமிர்ந்து, "இப்ப அமுக்குங்க" என்றாள். மாப்பிள்ளை, வாங்கின அன்றைக்குக்கூட அப்படி ஓடவில்லை! எல்லோரும் கை தட்டினார்கள், எனக்கு இல்லை, அவளுக்கு. கூட்டம் போனபின், "நான் ஒரு தடவை" என்று பெட்டியை வாங்கினாள். ஒரு சுற்று விட்டு, சிவப்பு வண்டியை ஸ்டேஷன் போர்டுக்கு நேராக, நூல் பிடித்தாற்போல் நிறுத்தினாள். எனக்கு இதுவரை ஒரு ரயில் பெட்டி நீளமாவது தள்ளித்தான் நிற்கும். சபாஷ் என்று நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டியை என் கையில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐப்பசி முடியறதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது. துர்கா பிரசவத்துக்கு வர்றா. கட்டில் போடணும், தொட்டில் கட்டணும். உங்க பாஷையிலயே சொல்றேன், அறைக்கு லைன் கிளியர் குடுங்க" என்றாள்.

லைன் கிளியர் என்றால் உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். அடுத்த ஸ்டேஷன்காரர் வண்டியை அனுப்பட்டுமா என்று கேட்பார். என் பக்கத் தண்டவாளம் காலியாக இருந்தால்தான் நான் 'வரலாம்' என்று சொல்ல முடியும், அதுதான் லைன் கிளியர். "லைனில் ரெண்டு வண்டி நிக்குதே, எப்படிக் கொடுப்பேன்?" என்று கேட்டேன். அதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. சாம்பாரிலும் அது தெரிகிறது.

துளசிங்கம் வந்து பார்த்துவிட்டு, "மூணா அறுத்தாத்தான் சார் வெளிய வரும். அரை நாள் வேலை" என்றார். பலகைக்கு அடியில் நூற்று நாற்பது ஒயர் இருக்கிறது, மறுபடி சேர்த்தால் ஓடுமா என்று கேட்டேன். "அது எனக்கு இன்னா தெரியும்? நான் மரத்த அறுப்பேன், அவ்ளோதான்" என்கிறார்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ரிட்டயர்டு ஆனபிறகு என்னை யாரும் மணி என்ன என்று கூடக் கேட்பதில்லை. கேம்ப் ரோட்டில் நடந்து போனால் ஆட்டோக்காரர் ஓரம் போ என்கிறார். இந்த ஒரு அறையில்தான் இரண்டு வண்டி என் உத்தரவு இல்லாமல் கிளம்புவதில்லை. அதை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. துர்காவுக்கு ஹாலே தாராளம், காற்றும் நன்றாக வரும். ஆகவே நீங்கள் உங்கள் கைப்பட, "பலகையைத் தொட வேண்டாம் அத்தை" என்று ரேணுகாம்பாளுக்கு ஒரு வரி எழுதிப்போட்டால் போதும். மாப்பிள்ளை சொல்லை அவள் தட்டமாட்டாள். நான் எழுதச் சொன்னதாக மட்டும் எழுத வேண்டாம்.

உங்களுக்கும், துர்காவுக்கும், வரப்போகும் சின்ன எஜமானருக்கோ எஜமானிக்கோ எங்கள் இருவருடைய பூரண ஆசிகள். சிக்னல் எப்போதும் பச்சையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏகநாதன்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை துர்கா போன் செய்தாள். உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் விமானம் ஏற வேண்டாம், பிரசவம் அங்கேயே என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே. ரேணுகாம்பாள்தான் அங்கே வர வேண்டுமாம். அவள் போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க இஷ்டப்படியே ஆச்சு. அறை காலிதான், ஆசை தீர ஓட்டுங்க" என்றாள். போய் உட்கார்ந்தேன். மூன்றை அழுத்தினேன். சிவப்பு கிளம்பியது, ஒரு சுற்று வந்தது, நின்றது. மறுபடி திருகத் தோன்றவில்லை. மத்தியானம் துளசிங்கத்தை வரவழைத்து மூன்றாக அறுத்தாயிற்று. ரம்பம் குகை வழியாகப் போகும்போது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். ரேணுகாம்பாள் ஓடி வந்து, "ஐயோ, ஏங்க அறுத்தீங்க? அவதான் வரலையே!" என்று அழுதாள். "லேட்டுதான்டி, கேன்சல் இல்ல" என்றேன். மறுபடி சேர்த்தால் ஓடுமா என்று தெரியாது, நீங்கள் வந்து பார்க்க வேண்டியது. நான் மேலே கேட்ட அந்த ஒரு வரியை எழுத வேண்டாம். ரேணுகாம்பாள் இரண்டு கிலோ புளியோடு வருகிறாள். குழந்தை பயணத்துக்குத் தாங்கும் என்று டாக்டர் சொன்ன மறுநாளே அவளோடு நீங்கள் மூவரும் கிளம்பி வரவும். கட்டில் போட்டாயிற்று, தொட்டிலுக்குக் கொக்கி அடித்தாயிற்று. பின் அறைக்கு லைன் கிளியர் கொடுத்தாயிற்று. நேரம் மாலை 4.40. கையொப்பம், ஸ்டேஷன் மாஸ்டர்.