ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவே

தூங்கினால் நஷ்டம் என்று ஊர் உலகமெல்லாம் சொல்லும். திருச்சி காந்தி மார்க்கெட் வாழை மண்டியில் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். தூங்கித் தூங்கியே விலையை ஏற்றிய ஒரு மகானை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவர்தான் எங்கள் மூணுதரம் பாய்.

அவருடைய சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். அந்த மண்டியில் அவர் ஏலம் விடுபவர், நான் பில் போடுகிறவன். காலையில் முக்காலியில் ஏறி உட்கார்ந்து அவர் "ஒரு தரம்!" என்று குரல் விட்டால், பாலக்கரையில் போகிற பஸ் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார். சிங்கம். அந்தச் சிங்கம் மதியம் சாப்பிட்டு வந்தால் பூனை.

சாப்பாடு என்றால் சாப்பாடு. பிரியாணி, தால்சா, அதை அமுக்க வெள்ளைச் சோறு, அதையும் அமுக்க சீனி தூக்கலாக ஒரு டீ. பிறகு பழத்தார் ஏலம் ஆரம்பிக்கும். ஒவ்வொரு தாரிலும் ஒரு பழம் உரித்துத் தின்ன பிறகே வாயைத் திறப்பது என்பது அவர் கொள்கை.

"ருசி பாக்காம ஏலம் விட்டா வாங்குறவனை ஏமாத்துன மாதிரி தம்பி. நாளைக்கு அல்லாஹ் கேப்பான்ல?"

"அதுக்கு ஒரு வாய் போதாதா பாய்?"

"ஒரு வாயில பூவன் பிடிபடும். ரஸ்தாலி பிடிபடுமா?"

முழுப் பழமும் உள்ளே போன பிறகு "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்பார். அவ்வளவுதான். மூணு வராது. தலை நெஞ்சில் சாய்ந்திருக்கும்.

ஏலம் விடுகிறவரை நடுவில் யாரும் தொடக்கூடாது என்பது மண்டி வழக்கம். தொட்டால் யாருக்கோ சாதகமாக அவசரப்படுத்தியதாக ஆகிவிடும். மூணு தரம் சொல்லும்வரை யார் வேண்டுமானாலும் ஏற்றிக் கேட்கலாம். ஆகவே பாய் தூங்குவார், வியாபாரிகள் பொறுமையிழந்து ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக் கேட்பார்கள், விலை கிடுகிடுவென்று மேலே போகும். கண் விழித்து "மூணு தரம்!" என்பார், ஒன்றும் நடக்காத மாதிரி.

தொழில் தந்திரம் என்று முதலாளி பூரித்துப்போனார். லால்குடி விவசாயிகள் தாரை இறக்கியதுமே கேட்கிற முதல் கேள்வி, "பாய் சாப்ட்டாச்சுங்களா?" என்பதுதான். ஒருவர் தூக்கம் சீக்கிரம் வரட்டும் என்று வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கலே கொண்டுவந்தார்.

இதற்கிடையில் பாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். திருச்சி வெயிலுக்கு யார்தான் குடிக்கவில்லை என்று விட்டுவிட்டோம். கைலியை இறுக்கி இறுக்கிக் கட்டினார். "பழசு தம்பி, விரிஞ்சு போச்சு" என்றார். கைலி எங்கே விரிந்தது, மனிதர் அல்லவா சுருங்கிக்கொண்டிருந்தார்!

சந்தேகப்பட்டவர் ஒருவர்தான். ஸ்ரீரங்கத்தில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற சுவாமி, எங்கள் மண்டியின் வாடிக்கையாளர். தான் கிண்டிய அக்காரவடிசலைத் தானே தொட முடியாத சர்க்கரைக்காரர் என்பதால் எப்போதும் லேசான கோபத்தில் இருப்பார். சோதிக்கிற கருவியை மஞ்சள் பையிலேயே வைத்திருப்பார்.

"ஓய் பாய், சாப்ட்டா எல்லாருக்கும் கண்ணு சொக்கும். நீர் ஆளே அணைஞ்சு போறீரே! ஒரு தடவை குத்திப் பாத்துடலாமே?"

"உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு சாமி."

"வாஸ்தவம். ஆனா தொண்டர் எழுந்துண்டுடுவார்."

பாய் சிரித்து மழுப்பினார். ஊசி என்றால் அவருக்குப் பயம்.

ஆவணி முகூர்த்தம் நெருங்கிய ஒரு மதியம். அருமையான ரஸ்தாலித் தார் ஒன்று. சுவாமி ஒரு விலை கேட்டார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." தலை சாய்ந்தது. விலை ஏறியது, முதலாளி முகம் மலர்ந்தது, சுவாமியும் விடாமல் ஏற்றிக் கேட்டார். அப்போது பாய் கையிலிருந்த பாதிப் பழம் நழுவிக் கீழே விழுந்தது.

எனக்குச் சுரீர் என்றது. பாய் எந்தத் தூக்கத்திலும் பழத்தைக் கைவிட்டதில்லை. ஆனாலும் வழக்கத்தை மீற எனக்குத் தைரியம் வரவில்லை. சுவாமிதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சாமி, தொட்டா நீங்க கேட்டது செல்லாது!" என்று முதலாளி கத்தினார்.

"தார் போனாப் போறது ஓய்! மனுஷன் போயிட்டா?"

பாய் அசையவில்லை. சுவாமி புது ஊசி எடுத்து விரலில் குத்தினார். அதற்கும் விழிக்கவில்லை. கருவியில் வந்த எண்ணைப் பார்த்த முதலாளி, "இது என்ன, தாரோட விலையா?" என்றார்.

"உம்ம ஆளோட சர்க்கரை. ஆட்டோவைக் கூப்பிடும்!"

ஆஸ்பத்திரியில் பாய் கண் விழிக்க மறுநாள் ஆயிற்று. தின்றதெல்லாம் ரத்தத்தில் சர்க்கரையாகத் தேங்கி நிற்கிறது, உடம்புக்குத் தெம்பாகப் போய்ச் சேரவில்லை, அந்த அசதியைத்தான் தூக்கம் என்று எல்லோரும் கொண்டாடியிருக்கிறீர்கள் என்றார் டாக்டர். கொஞ்ச காலம் ஊசி, மாத்திரை, தட்டில் பாதி காய்கறி, சோறு குறைவு, சாப்பிட்டதும் ஒரு நடை. கட்டுக்குள் வைத்தால் பழைய ஆளாக ஆகிவிடலாம் என்றும் சொன்னார்.

"உழைச்சுக் களைச்சு வர்ற மனுஷன்னு நானேல்ல தட்டு நிறைய வெச்சேன்" என்று பாயின் மனைவி அழுதார். முதலாளி பார்க்க வந்தபோது கையில் ஒரு சீப்பு ரஸ்தாலி. நர்ஸ் வாசலிலேயே பறிமுதல் செய்துவிட்டார்.

பாயின் கவலை வேறு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் தூங்கினதாலதான் ரேட்டு ஏறுச்சு. தூக்கம் போயிருச்சுன்னா முதலாளி என்னை வெச்சுக்குவாரா? எனக்கு இந்த வாயை விட்டா வேற தொழில் தெரியாதே."

"போங்க பாய்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் திரும்பி வந்த மதியம் மண்டியில் ஒரே கூட்டம். லால்குடிக்காரர்கள் முகம் தொங்கியிருந்தது. பாய் சப்பாத்தியும் கீரையும் சாப்பிட்டு வந்தார். முக்காலியில் உட்காரவில்லை. ருசி பார்க்கிற வேலையை எனக்குக் கொடுத்தார். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, வாங்க!" என்று தார்களுக்கு நடுவே நடந்துகொண்டே ஏலம் விட ஆரம்பித்தார். கேட்கிறவர்கள் பின்னாலேயே ஓடவேண்டியதாயிற்று. இரண்டு சுற்று சுற்றியதும் கனத்த வியாபாரிகளுக்கு மூச்சு வாங்கியது.

"பாய், மேல போட்டுத் தரேன், சீக்கிரம் மூணு சொல்லுங்க! முட்டி வலிக்குது!"

விலை பழையபடி ஏறியது. முதலாளி ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்னால் ஓடியவர் சுவாமிதான், அவருக்கு நடந்து பழக்கம்.

கடைசித் தார். ரஸ்தாலி. சுவாமி கேட்டிருந்தார்.

"ஒரு தரம்..." நடை நின்றது. "ரெண்டு தரம்..."

பாயின் கண்கள் மூடின. தலை மெல்லச் சாய்ந்தது. சுவாமி கை மஞ்சள் பைக்குப் போனது. நான் வழக்கமாவது மண்ணாவது என்று பாய்ந்து அவர் தோளைப் பிடித்தேன்.

ஒரு கண் திறந்தது.

"பயந்துட்டியா தம்பி? மூணு தரம்!"

பாலக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு நான் அழுதேன் என்று மண்டியில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. பக்கத்திலேயே வெங்காய மண்டி இருக்கிறது, கண் எரியாதா என்று சொல்லிச் சமாளித்து வருகிறேன்.

அன்றைக்கு வெங்காய மண்டிக்கு லீவு.